ஒத்தை விசில்

என் கால் வீங்கியிருப்பதை முதலில் பார்த்தது டாக்டர் இல்லை, பத்தமடையில் ஏறிய ஒரு பாய்க்கார அம்மா. 2012 ஆடி மாசம். திருநெல்வேலி–பாபநாசம் வண்டியில் அன்று நிற்கவே இடமில்லை. பாய்க்கட்டைப் பின்படி ஓரமாகச் சாய்த்துவிட்டு அந்த அம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கட்டுக்குத் தனியாக லக்கேஜ் டிக்கெட் எடுக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டிருக்க, அவர் பதிலே சொல்லாமல் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, காலு என்ன இப்படிப் பொங்கிக் கெடக்கு?"

கேட்டுக்கொண்டே கட்டைவிரலால் கணுக்காலுக்கு மேலே ஒரு அமுக்கு. என் அம்மா வயசிருக்கும் அவருக்கு. கூச்சம் எல்லாம் இல்லை. விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது, பணியாரச் சட்டிக் குழி மாதிரி. லக்கேஜ் டிக்கெட் போட மறந்துபோனேன்.

தரையில் உட்கார்ந்தவர் கண்ணுக்குத்தான் அது பட்டது. டாக்டர் மாசாமாசம் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அவர் மேஜைக்கு அந்தப் பக்கம். என் கால் மேஜைக்குக் கீழே.

பிரஷர் இருப்பது தெரிந்தது அதற்கு முந்தின வருஷம். டிப்போவில் ஒரு நாள் முகாம் போட்டிருந்தார்கள். டிக்கெட் கணக்குத் தாளான வே பில்லைக் கொடுத்துவிட்டு வந்தவன், வரிசை சின்னதாக இருந்ததால் போய் நின்றேன். 172/106 என்று சீட்டில் எழுதினார்கள். எனக்கு 47 வயசு. தலைசுற்றல் கிடையாது, மயக்கம் கிடையாது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்காது. உடம்புக்கு ஒன்றும் செய்யாத ஒரு வியாதிக்கு மாத்திரை சாப்பிட ஆரம்பித்தேன். அதற்கப்புறம்தான் உடம்புக்கு ஒவ்வொன்றாகச் செய்ய ஆரம்பித்தது.

முதல் மாத்திரை அம்லோடிபின். 5 மில்லிகிராமில் தொடங்கி 10 ஆக்கினார் டாக்டர். கணக்கு நன்றாக இறங்கியது. 136க்கு வந்தபோது அவர் முகத்தில் என்னைவிடச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க மனசில்லாமல்தான், சாயங்காலம் செருப்பு வார் இறுக்குகிறது என்று இரண்டு மாசமாகச் சொல்லாமலே இருந்தேன். பாய்க்கார அம்மா குழி போட்டுக் காட்டிய பிறகு பயம் வந்துவிட்டது. கால் வீங்கினால் கிட்னி போச்சு என்பதுதானே ஊரில் பேச்சு. யூரின், கிரியாட்டினின் எல்லாம் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. அப்படியானால் ஏன் வீங்குகிறது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வீக்கம் வடிய ஃப்ரூசமைட் என்ற நீர் மாத்திரையை எழுதிக் கொடுத்தார்.

காரணம் எனக்குத் தெரிய இரண்டு வருஷம் ஆனது. பஸ் ஸ்டாண்டு கணக்கில் சொன்னால் எனக்கு விளங்கும். வண்டி உள்ளே வரும் வாசலை மட்டும் அகலமாக்கிவிட்டு, வெளியே போகும் வாசலைப் பழைய அளவிலேயே விட்டால் உள்ளே என்ன ஆகும்? அம்லோடிபின் ரத்தத்தைக் கொண்டுவரும் சிறு தமனிகளை நன்றாக விரித்துவிடுகிறது. திருப்பி எடுத்துப்போகும் சிரைகளை அந்த அளவுக்கு விரிப்பதில்லை. நடுவிலுள்ள நுண்குழாய்களில் நெரிசல் ஏறி, நீர் கசிந்து சதைக்குள் தங்குகிறது. நாள் பூரா நின்றே வேலை பார்ப்பவனுக்குக் கசிந்தது எல்லாம் கணுக்காலில் வந்து சேரும். மருந்தின் அளவு கூடக்கூட வீக்கமும் கூடும். உடம்பில் தண்ணீர் மிஞ்சிப்போய் வந்த வீக்கம் இல்லை என்பதால் நீர் மாத்திரை அதற்குப் பெரிதாக எடுபடாது.

வீக்கத்தில் எடுபடாதது மற்ற விதத்தில் நன்றாகவே எடுபட்டது. ஃப்ரூசமைட் விழுங்கி ஒரு மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டும். ஆறு மணி நேரம் விடாது. எனக்கு விடியற்காலை ஐந்தரைக்கு முதல் சிங்கிள், அதாவது முதல் நடை. ஐந்து மணிக்கு மாத்திரை போட்டால் பேட்டை தாண்டுமுன் அடிவயிறு கல்லாகிவிடும். டிரைவர் அண்ணாச்சி நல்ல மனுஷன். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தே வண்டியை ஓரம் கட்டுவார். ஸ்டாண்டு வரை பொறுக்கலாம் என்றால், அந்த ஸ்டாண்டுகளின் கழிப்பறைகளைப் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

ஒரு நாள் காருகுறிச்சிப் பக்கம் இறங்கி ஒரு வேலி மறைவுக்குப் போயிருக்கிறேன். எவனோ ஒரு காலேஜ் பையன் வாயாலேயே ரெட்டை விசில் அடித்துவிட்டான். அண்ணாச்சி எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார். தோல் பையும் மிஷினும் தோளில் தொங்க, கண்டக்டர் ரோட்டில். பின்னால் பால்கேனோடு வந்த ஒருவர் என்னை ஏற்றிக்கொண்டார். வீரவநல்லூரில் வண்டியைப் பிடித்தபோது உள்ளே இருந்த சனம் கைதட்டியது. நானும் சிரித்தேன். ஆனால் மறுநாளிலிருந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். பத்து நாளில் ராத்திரி கெண்டைக்கால் பிடித்து இழுக்க ஆரம்பித்தது. அப்புறம் நானே ஒரு முறை வகுத்தேன்: டூட்டி நாளில் எந்த மாத்திரையும் கிடையாது, ஓய்வு நாளில் மட்டும். அடுத்த தடவை போனபோது 180. டாக்டர் ஆச்சரியப்பட்டார். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். சாப்பிடுகிறேன் என்றேன்.

அடுத்து அட்டெனோலால். மூன்று மாசம். நாடித் துடிப்பு 52க்குப் போனது. நெரிசலுக்குள் முன்னும் பின்னும் போய்வருவது இடுப்பளவு தண்ணீரில் நடப்பது போலிருந்தது; கைவிரல் சில்லிட்டுச் சில்லறை நழுவியது. இன்னொன்றும் உண்டு. அதை வீட்டு விஷயம் என்று மட்டும் சொல்லி நகர்கிறேன். பாபநாசத்தில் டீ குடிக்கும்போது அண்ணாச்சியிடம் மட்டும் இலைமறைவு காய்மறைவாகச் சொன்னேன். அவர் கிளாஸை மேஜையில் வைத்துவிட்டு, "எனக்கும் அப்படித்தாம்வே. நான் நிறுத்தி ஒரு வருசமாச்சு" என்றார். டாக்டரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். "அவரு சின்னப் பையன், எம் மவன் வயசு. அவங்கிட்ட இதைப் போயா சொல்லுவாங்க?" நானும் சொல்லவில்லை. அசதியாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். எங்கள் டிப்போவில் பாதிப் பேர் பிரஷர் மாத்திரையை விட்டதற்குக் காரணம் விலையும் இல்லை, மறதியும் இல்லை என்று எனக்குத் தோன்றியது அன்றைக்குத்தான்.

பிறகு ராமிப்ரில் வந்தது. கால் வடிந்தது, அசதி போனது, மற்றதும் சரியானது. இதைவிட நல்ல மாத்திரை உலகத்தில் கிடையாது என்று மூன்று வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். நாலாவது வாரம் தொண்டையில் ஒரு முடி மாட்டிக்கொண்டது போல ஒரு அரிப்பு. இருமினால் ஒன்றும் வராது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை. பகலில் விட்டுவிட்டு, ராத்திரி படுத்தால் விடாமல். பாதி ராத்திரியில் எழுந்து திண்ணையில் போய் உட்கார்ந்துகொள்வேன். வண்டியில் பக்கத்தில் நிற்பவர்கள் முகத்தைத் திருப்பினார்கள். ஒருவர் டிக்கெட்டை வாங்கி வேட்டியில் துடைத்தார்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை. டி.பி. இல்லை என்று வந்தது. எக்ஸ்ரே சுத்தம். தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். கண்டக்டர் வேலையில் தூசிக்கு என்ன குறை, நானும் நம்பினேன். வீட்டில் கஷாயம் ஆரம்பமானது. துளசி, மிளகு, சித்தரத்தை. கடைசியில் நாட்டு மருந்துக் கடையிலிருந்து அதிமதுரம் ஒரு கட்டு வந்தது. விரல் நீளத்துக்கு ஒடித்து வாயில் ஒதுக்கிக்கொண்டால் தித்திப்பு மெல்ல இறங்கும். அரிப்பு கொஞ்சம் அடங்கும். காலை முதல் சிங்கிளிலிருந்து ராத்திரி கணக்கு முடிக்கும் வரை என் கடைவாயில் அது இருந்தது. இரண்டு மாசம் இப்படி. பிரஷர் என்னவோ 150, 164 என்று ஏறிக்கொண்டே போனது. ராமிப்ரிலை இரட்டிப்பாக்கினார் டாக்டர். இருமலும் இரட்டிப்பானது.

விசிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒத்தை விசில் அடித்தால் நிறுத்து. ரெட்டை விசில் அடித்தால் எடு. கூட்ட நேரத்தில் டிரைவருக்குக் கண்டக்டர் முகம் தெரியாது, காதுதான். முப்பது வருஷம் ஓட்டியவர் யோசிக்க மாட்டார். விசிலுக்குக் கால் தானாகப் போகும். 2014 பங்குனியில் ஒரு நாள், வீரவநல்லூரில் வண்டி கிளம்பி ஊர்கிறது. பின்படியில் ஒரு பெரியவர், இறங்கணும் என்று தடுமாறி வந்து ஒரு காலைக் கீழ்ப்படியில் வைத்துவிட்டார். நான் நீளமாக ஒத்தை விசில் ஊதினேன். பாதியில் இருமல். விசில் அறுந்து, இருமிய மூச்சிலேயே மறுபடி ஊதியது. அண்ணாச்சி காதுக்கு அது அழகான ரெட்டை விசில். கியர் மாற்றி அழுத்தினார். படியில் நின்ற ஒரு பையன் பெரியவரின் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிப்போடாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் யோசிப்பதில்லை. ஒற்றைச் செருப்பு மட்டும் ரோட்டில் கிடந்தது. அவர் திட்டிய திட்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, இறங்கிப் போய் அந்தச் செருப்பை எடுத்துவந்து கொடுத்தேன்.

"வே, இனி உம்ம விசில நம்பி நான் வண்டி ஓட்ட முடியாது" என்றார் அண்ணாச்சி. கோபமாகச் சொல்லவில்லை.

எங்கள் தடத்திலேயே உள்ள ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புதிதாக ஒரு டாக்டரம்மா வந்திருப்பதாகச் சொன்னார்கள். மறுநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். முப்பது வயசு இருக்காது. பிரஷர் பார்க்குமுன் என் கன்னத்தைப் பார்த்தார்.

"வாயில என்ன வச்சிருக்கீங்க?"

சக்கையை உள்ளங்கையில் துப்பிக் காட்டினேன். இதை எத்தனை நாளாக மெல்கிறீர்கள், எதற்காக, இருமல் எப்போது ஆரம்பித்தது, அதற்கு முன் எந்த மாத்திரை மாறியது என்று பின்னாலிருந்தே கேட்டுக்கொண்டு போனார். ஸ்டேஜ் ஸ்டேஜாக டிக்கெட் சரிபார்க்கும் செக்கிங் இன்ஸ்பெக்டர் மாதிரிதான். முடித்துவிட்டு, "பிரஷர் மாத்திரையாலதான் இருமல் வந்தது. இருமலுக்கு நீங்க மென்னது பிரஷரை ஏத்திருச்சு. ஏறுன பிரஷருக்கு அந்த மாத்திரையையே கூட்டிட்டாங்க" என்றார். அதிமதுரம் சிறுநீரகத்தை உப்பைப் பிடித்துவைத்துக்கொள்ளச் செய்து பொட்டாசியத்தை வெளியே தள்ளுமாம். ஒன்றிரண்டு நாள் கஷாயத்தில் போட்டால் பரவாயில்லை, பிரஷர்காரன் மாசக்கணக்கில் மெல்லக்கூடாது.

ராமிப்ரில் வந்த கதையை அப்புறம் ஒரு பத்திரிகையில் படித்தேன். பிரேசிலில் ஜராராகா என்றொரு குழிவிரியன். 1960களில் செர்ஜியோ ஃபெரெய்ரா என்ற பிரேசில் விஞ்ஞானி அதன் விஷத்தை ஆராய்ந்து, பிராடிகைனின் என்ற பொருளை உடம்பில் சிதையவிடாமல் காக்கும் கூறு அதில் இருப்பதைக் கண்டார். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போன வழியில்தான் கேப்டோபிரில் உண்டாகி, 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ராமிப்ரில் அதன் தம்பி. ரத்தக்குழாயைச் சுருக்கும் பொருளை உண்டாக்குகிற அதே நொதிதான் பிராடிகைனினையும் வெட்டிப்போடுகிறது. நொதியின் கையைக் கட்டினால் பிரஷர் இறங்கும். வெட்ட ஆளில்லாமல் பிராடிகைனின் தேங்கும். இருமல் அதனால்தான் என்கிறார்கள். ஆக, என் தொண்டையில் மாட்டியது முடி இல்லை, பாம்பு.

வீட்டில் வேறு யாருக்குப் பிரஷர் என்று டாக்டரம்மா கேட்டார். அப்பாவுக்கு. வீரவநல்லூரில் தறிக்காரர். 1970களில் அவருக்குக் கொடுத்தது ரெசர்பின், சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுத்த மருந்து. பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல் 1949இல் சர்ப்பகந்தியைப் பற்றி எழுதிய கட்டுரைதான் அந்த வேரை உலகம் பூராவும் கொண்டுபோனது. அது சிலரை மனச்சோர்வில் தள்ளுகிறது என்ற புகாரும் பின்னாலேயே வந்தது. தறியில் உட்கார்ந்து பாடிக்கொண்டே நெய்கிறவர் என் அப்பா. ஒரு கட்டத்தில் பாட்டு நின்றது. அப்புறம் பேச்சு குறைந்தது. நூல் விலை ஏறியதால், அத்தை மகள் கல்யாணம் முறிந்ததால், சனி பார்வையால் என்று வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னோம். தினமும் காலையில் அவர் கையில் வைத்த மாத்திரையை யாரும் சொல்லவில்லை. அதைக் கொடுத்தது நான்தான், தண்ணீர்ச் செம்போடு.

இனிமேல் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள் என்றார் டாக்டரம்மா. எழுதுவது எனக்குப் புதிசில்லை. வே பில்லில் ஒரு ரூபாய் இடித்தாலும் விடிய விடிய உட்கார்ந்து கண்டுபிடிப்பவன். வீணான பழைய தாள்களின் பின்பக்கத்தைத் தைத்து நோட்டாக்கினேன். தேதி, மாத்திரை, அளவு, உடம்பு என்ன சொல்கிறது. பழையவற்றையும் நினைவிலிருந்து எழுதினேன். அட்டெனோலாலுக்கு எதிரே ரொம்ப நேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்துவிட்டு, "வீட்டு விஷயம் சரியில்லை" என்று பொடி எழுத்தில் எழுதினேன். அடுத்த தடவை அதைப் படித்தவர் தலை நிமிரவில்லை. அட்டெனோலால் மேல் சிவப்புக் கோடு ஒன்று போட்டு, "உங்களுக்கு இது வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனார். மூன்று மாசம் வாயில் வராத சங்கதி அரை நிமிஷத்தில் முடிந்தது.

ராமிப்ரிலுக்குப் பதில் டெல்மிசார்டன் 40. அது நொதியைத் தொடுவதில்லை. சுருக்கும் பொருள் போய் ஒட்டும் இடத்தை மட்டும் மறிக்கிறது. இருபத்துநாலாம் நாள் நோட்டில் "இருமல் இல்லை. நன்றாகத் தூங்கினேன்" என்று இருக்கிறது. பிரஷர் மட்டும் 150க்குக் கீழே வர மறுத்தது. குளோர்தாலிடோன் 12.5 சேர்த்தார். அதுவும் நீர் பிரிக்கும் மருந்துதான், ஆனால் ஃப்ரூசமைட் மாதிரி அவசரப்படுத்தாது. ஆறு மாசம் ஓடியது. ஐப்பசியில் ஒரு ராத்திரி வலது கால் பெருவிரலில் கங்கை வைத்த மாதிரி வலி. போர்வை பட்டாலே உயிர் போகிறது. யூரிக் அமிலம் ஏறிவிட்டதாம்; அந்த வகை மாத்திரைக்கு அந்தக் குணம் உண்டாம். அது தெரிவதற்கு முன் நான் மெடிக்கலில் கேட்டு டைக்ளோஃபெனாக் வாங்கி எட்டு நாள் விழுங்கியிருந்தேன். வலி போனது, பிரஷர் 170. வலி மாத்திரை பிரஷரை ஏற்றும். டெல்மிசார்டனும் நீர் மாத்திரையும் சாப்பிடுகிறவனுக்குக் கிட்னியையும் பதம் பார்க்கும். டாக்டரம்மா முதல் தடவையாகக் கோபப்பட்டார். "நோட்டுல இதை ஏன் எழுதல?" வலி மாத்திரையும் மாத்திரைதான் என்று எனக்குத் தோன்றவில்லை. பொட்டாசியம் கலந்த சோடியம் குறைந்த உப்பைப் பையன் ஆசையாக வாங்கி வந்ததையும் அன்றைக்கே சொல்லிவிட்டேன். டெல்மிசார்டன் பொட்டாசியத்தை உடம்பில் தங்கவைக்கும், அதோடு இது வேண்டாம் என்று அதையும் நிறுத்தினார்.

அவர் செய்த இன்னொரு காரியம், வீட்டிலேயே பார்க்கச் சொன்னது. டூட்டி முடிந்து ஓடிவந்து, டீ குடித்த கையோடு, வரிசையில் நின்று பேசிக்கொண்டே கையை நீட்டினால் வரும் கணக்கு கூடுதலாகத்தான் வரும். ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்கார்ந்து, கால் தரையில் பட, கை நெஞ்சு மட்டத்தில், பேச்சில்லாமல், இரண்டு தடவை. 135/85க்குக் கீழே இருந்தால் போதும். வீட்டுக் கணக்கு எப்போதும் பத்துப் பதினைந்து குறைவாகவே வந்தது. நான் துரத்திய பிரஷரில் கொஞ்சம் என் வேகம்தான்.

குளோர்தாலிடோன் போய் சில்னிடிபின் 10 வந்தது. அம்லோடிபின் வம்சம்தான், ஆனால் நரம்பு வழியாகவும் வேலை செய்து வெளிவாசலையும் கொஞ்சம் திறந்துவிடுகிறது, அதனால் வீக்கம் குறைவு. குறைவு என்றார், வராது என்று சொல்லவில்லை. இந்த இரண்டோடுதான் 2024இல் ஓய்வு பெறும் வரை ஓடினேன்.

அண்ணாச்சி எனக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். டாக்டரம்மாவிடம் அவரை இரண்டு தடவை கூப்பிட்டேன். பொம்பளை டாக்டர்கிட்டயா என்றார். நோட்டில் எழுதிக் கொடுக்கலாம் என்றேன். சிரித்தார். இப்போது அவருக்கு இடது கை எழாது. போனால் வலது கையால் என் தோளைத் தட்டி, "விசில் அடியும்வே" என்பார்.

கல்லிடைக்குறிச்சி அப்பளம் மட்டும் இன்னும் விட முடியவில்லை. முழுசாகப் பொரித்து, பாதியை என் இலையில் போட்டு, மீதியை எனக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிடுகிறாள் என் மனைவி. ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் திண்ணையில் உட்கார்ந்து, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அமுக்கி, விரலை எடுத்துவிட்டு எண்ணுவேன். நேற்று ஆறு எண்ணுவதற்குள் மேடாகிவிட்டது. நோட்டில் எழுதினேன்: கால் – ஆறு. அப்பளம் – அரை.